பட்டியலில் இல்லாத பிள்ளை: பேசித் தீர்க்கும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களுக்கு,

ஒத்துவராத கல்யாணத்தை, இரு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவைக்கிறவர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் பெண்ணின் தாய்மாமனாக இருக்கலாம். பையனின் பெரியப்பாவாக, ஊர் நாட்டாண்மையாக, சங்கத் தலைவராக, ஜமாத் நிர்வாகியாக, சபை மூப்பராக, வட்டச் செயலாளராக, இரண்டு குடும்பத்துக்கும் வேண்டிய வக்கீலாக இருக்கலாம். கோர்ட்டுக்கு அலைந்து காசையும் காலத்தையும் தொலைப்பதைவிட நாலு பேர் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று முன்வருகிற உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களை விட்டால் பல குடும்பங்களுக்கு வேறு கதி இல்லை என்பதும் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மணமுறிவு பெற்றவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். பிரிந்து வாழ்கிறோம் என்று சொன்னவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அதாவது, நம் நாட்டில் பிரிவு என்பது பெரும்பாலும் நீதிபதியின் தீர்ப்போடு முடிவதில்லை. வீட்டுக் கூடத்திலும், மண்டபத்தின் பின்னறையிலும், மகளிர் காவல் நிலைய வாசலிலும் முடிகிறது. அங்கே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அதனால்தான் நீதிபதிகளுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிப் பேசி எழுதப்படும் ஒரு பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நகை எத்தனை பவுன், அதில் தாய்வீட்டில் போட்டது எவ்வளவு, மாமியார் வீட்டில் போட்டது எவ்வளவு என்று அரைப் பவுன் வரை கணக்கு இருக்கும். பீரோ ஒன்று, கட்டில் மெத்தையோடு ஒன்று, கிரைண்டர் ஒன்று, வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, எவர்சில்வர் குடம் மூன்று, பித்தளை அண்டா ஒன்று என்று சீர்ச் சாமான் பட்டியல் ஒரு பக்கத்துக்கு ஓடும். குடத்தில் ஒன்று குறைந்தால் பேச்சு நின்றுபோகும். பிறகு கடைசியில், சாட்சிக் கையெழுத்துகளுக்குச் சற்று மேலே, ஒரே ஒரு வரி: குழந்தை தாயாரின் பொறுப்பில் வளரும், இதற்காக எதிர்காலத்தில் எந்தத் தொகையும் எவ்விதப் பாத்தியதையும் கோரமாட்டேன் என்று அந்தப் பெண் சம்மதிக்கிறாள். அண்டாவுக்குக் கொடுத்த கவனத்தில் கால்பங்குகூட அந்த வரிக்குக் கிடைத்திருக்காது. கூட்டம் கலையப் போகும் நேரத்தில் எல்லோருக்கும் காபி வருகிறபோது எழுதிய வரி அது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த வரியை எழுத அங்கே இருந்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் இல்லை. தன் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று அவள் சொல்வது ஒரு விஷயம். அதைக்கூட சட்டம் எளிதில் ஏற்பதில்லை. 2013இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், மனைவி 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்பதில்லை என்று சமரசத்தில் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தச் சமரசம் அவள் பின்னாளில் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் தொடுக்கும் வழக்கைத் தடுக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளையின் விஷயமோ இதைவிடத் தெளிவு. பிள்ளைக்கு வரவேண்டியது பிள்ளையின் பெயரில் உள்ள உரிமை. தாய் அதற்குக் காவலாள், உடைமையாளர் அல்ல. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்த தம்பதி ஒன்றின் வழக்கில், மகளின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுத்த பகுதி சட்டப்படி நில்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. ஊர்க் கணக்கில் சொன்னால், மைனருடைய நிலத்தைக் கோர்ட் அனுமதியில்லாமல் கார்டியன் விற்றால் அந்தக் கிரயத்தைப் பின்னாளில் மைனர் ரத்து செய்துவிட முடியும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவரை நீங்களே எச்சரிப்பீர்கள். அதே மைனருடைய சோறும் பள்ளிக்கூடமும் மட்டும் எப்படி ஒரு கையெழுத்தில் கைமாறும்?

இந்த உரிமையைத் தரும் சட்டம் ஒன்றல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோரும் அறிந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அது மதம் பார்க்காது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தனியாக உண்டு. அது தந்தை, தாய் இருவரையும் கட்டுப்படுத்துகிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் வழி இருக்கிறது. இவற்றில் எதற்கும் விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பிரிந்து இருந்தாலே போதும். பிரியாமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைக்குச் செலவு செய்ய மறுத்தால்கூடக் கேட்கலாம். தாலி ஏறாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் 125ஆம் பிரிவு அன்றிலிருந்தே இடம் கொடுத்திருக்கிறது. தாலியே கட்டவில்லை, அப்புறம் என்ன ஜீவனாம்சம் என்று கூட்டத்தில் ஒருவர் குரல் உயர்த்தும்போது, மற்றவர்கள் தலையாட்டுவதற்கு முன்னால் இதை நினைவில் கொள்வது நல்லது. ஜமாத்தில் உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம் குழந்தைக்கு இரண்டு வயது வரைதான் தொகை என்று சொல்வதாக ஓர் எண்ணம் பரவலாக உண்டு. அந்த இரண்டு ஆண்டு, பாலூட்டி வளர்க்கும் தாய்க்கான கூடுதல் உரிமை. பிள்ளையின் உரிமை தனி. அது வயது வரும் வரை, மகளென்றால் திருமணம் வரை நீடிக்கும் என்று 1997இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது.

மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடலாம் என்பதுதான் உங்கள் கூட்டங்களில் அதிகம் கேட்கும் யோசனை. மாதாமாதம் முகத்தில் முழிக்க வேண்டாம், அவரவர் வழியைப் பார்க்கலாம் என்ற நியாயமும் அதில் இருக்கிறது. பெரியவர்களுக்கும் அது சௌகரியம். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பிள்ளைக்கு நான்கு வயது. தொகை ஐந்து லட்சம். சபையில் எண்ணிக் கொடுக்கும்போது பெரிய பணம்தான். வாங்கியவர்கள் துண்டில் முடிந்துகொண்டு போவார்கள். பதினெட்டு வயதுக்கு இன்னும் பதினான்கு ஆண்டு, அதாவது 168 மாதம். வகுத்தால் மாதத்துக்கு 2,976 ரூபாய் வருகிறது. வங்கியில் போட்டால் வட்டி வருமே என்பீர்கள். வரும், அந்த வட்டி விலைவாசி ஏற்றத்துக்கு ஈடாகிவிடும். ஆகவே இன்றைய மதிப்பில் மாதம் 2,976 என்பதுதான் உண்மை. அதில் பிள்ளை இருக்கும் வீட்டு வாடகையில் அதன் பங்கு, சாப்பாடு, பால், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வேன் காசு, வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ, காய்ச்சல் வந்தால் டாக்டர் பீஸ், தீபாவளித் துணி எல்லாம் அடங்க வேண்டும். அந்தப் பணம் பதினான்கு ஆண்டும் அப்படியே வங்கியில் கிடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தாத்தாவின் ஆபரேஷனுக்கு, மாமனின் கடைக்கு, வீட்டுக் கூரைக்கு என்று அது கரையும். மாதத் தொகைக்கு அந்த ஆபத்து கிடையாது; ஒரு மாதம் கரைந்தாலும் அடுத்த மாதம் வரும். மொத்தத் தொகை தாயின் பங்குக்குப் பொருந்தலாம். பிள்ளையின் பங்குக்கு அது பெரும்பாலும் நஷ்டம்.

தொகையை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுவதன் விளைவை நம் சட்டமே பட்டுத் தெரிந்துகொண்டது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதத்துக்கு 50 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 1923இல் அது 100 ஆயிற்று, 1955இல் 500. 1973இல் புதிய சட்டம் எழுதியபோதும் மத்தியச் சட்டத்தில் அதே 500 நீடித்தது. 1955இல் 500 ரூபாய் ஓர் உத்தியோகஸ்தரின் சம்பளம். நூற்றாண்டின் கடைசியிலோ அது ஒரு பிள்ளையின் டியூஷனுக்குக் காணாது. ஆனாலும் கோடீஸ்வரன் மகனாக இருந்தாலும் மாஜிஸ்திரேட் கையைக் கட்டிப்போட்டது அந்த எண்தான். 2001இல் திருத்தம் வந்துதான் உச்சவரம்பு நீங்கியது. இடைக்கால ஜீவனாம்சமும் அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. நாற்பத்தாறு ஆண்டு ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த சட்டத்தை நாம் இன்று கேலி செய்யலாம். ஆனால் உங்கள் பத்திரத்தில் மாதம் 5,000 என்று மட்டும் எழுதி, ஏற்றம் என்ற சொல்லையே விட்டுவிடும்போது அதே தவறைத்தான் சின்ன அளவில் செய்கிறீர்கள். விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். பிள்ளைக்கு நான்கு வயதில் எழுதிய 5,000, பதினாறு வயதில் 2,500 போலத்தான். செலவோ அந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கும். கடை வாடகை ஒப்பந்தம் எழுதினால் வருடாவருடம் ஏற்றம் போடாமல் விடுவீர்களா? 2025 மே மாதம் ஒரு மனைவிக்கான ஜீவனாம்சத்தை நிர்ணயித்தபோது, இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சேர்த்து எழுதியது. கடைக்கும் மனைவிக்கும் பொருந்தும் கணக்கு, வளரும் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகுமா?

இனி உங்கள் சபைகளில் எழும் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: பணம் பிள்ளைக்குப் போகாது, அவள்தான் செலவு பண்ணுவாள். இதைச் சொல்கிறவர் பிள்ளையின் செலவைத் தனியாகப் பிரித்து எடுத்துவைக்க முடியும் என்று நினைக்கிறார். பிள்ளைக்குத் தனி உலையா வைக்கிறார்கள்? தாய் சாப்பிடும் பானையில்தான் பிள்ளைக்கும் சோறு. வாடகை கொடுத்தால் இருவருக்கும் கூரை. கேஸ் சிலிண்டர் வாங்கினால் இருவருக்கும் அடுப்பு. வளர்ப்பவர் பசியோடு இருக்கும் வீட்டில் பிள்ளை மட்டும் வயிறார இருக்காது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு: பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்டட்டும், மருத்துவக் காப்பீட்டைத் தந்தை எடுக்கட்டும், பத்து வயதுக்குட்பட்ட மகளென்றால் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஒரு பகுதியைப் போடட்டும். இந்த வழிகளைச் சொன்னதும் மறுப்பு மறைந்துவிட்டால் அது நேர்மையான சந்தேகம். மறையவில்லையென்றால், சந்தேகம் செலவைப் பற்றியது அல்ல என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அரசாங்கமே காலைச் சாப்பாடு போடுகிறது, பெண்களுக்கு மாதம் ஆயிரம் தருகிறது, பிறகென்ன என்று சிலர் வேடிக்கையாகக் கேட்பதும் உண்டு. அரசு தன் பங்கைச் செய்கிறது. தகப்பனின் பங்கு எங்கே என்பதுதான் கேள்வி.

இரண்டாவது மறுப்பில் வலி இருக்கிறது: பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறாள், நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? இந்தத் தகப்பன்களில் பலர் பொய் சொல்லவில்லை. கோபத்தில் பிள்ளையை மறைத்துவைக்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள். பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறான், தூங்குகிறான், பரீட்சை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் சொல்லப்படும். அது தவறு. நீங்கள் அவளைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். பார்க்கும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதிவைக்க வேண்டும். மீறினால் தகப்பனும் நீதிமன்றம் போகலாம். ஆனால் பார்ப்பதற்குப் பணம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டால், பிள்ளை டிக்கெட் வைத்துக் காட்டும் பொருளாகிவிடும். பணம் கட்டாதவருக்குப் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று தாய் சொல்வதும் இதே தவறுதான். பார்க்கும் உரிமையும் பராமரிக்கும் கடமையும் தனித்தனித் தண்டவாளங்கள். ஒன்று பழுதானால் மற்றதில் வண்டி நிற்கக் கூடாது. இருவர் செய்யும் தவறுக்கும் சேர்த்துப் பிள்ளை இரண்டு முறை தண்டனை அனுபவிக்க வேண்டாம்.

அவளும் வேலைக்குப் போகிறாளே என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. தாயும் சம்பாதித்தால் தாயும் பங்கு தர வேண்டும். சட்டம் அதை மறுக்கவில்லை. தாயும் தந்தையும் உத்தியோகத்தில் இருந்த ஒரு வழக்கில், இருவர் வருமானத்தையும் பார்த்து, பிள்ளைகளின் செலவில் தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. பிள்ளைகளின் படிப்புச் செலவை இயல்பாகத் தந்தை ஏற்க வேண்டும், தாய் போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று 2020 நவம்பர் 4 அன்று வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பும் சொன்னது. ஆக, அவள் சம்பளம் தந்தையின் பங்கைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது. பிள்ளைக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, இரவில் காய்ச்சலுக்கு விழித்திருப்பவரின் உழைப்புக்கு இந்தக் கணக்கில் எவரும் விலை போடுவதில்லை என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருமானமே இல்லை, கடன்தான் இருக்கிறது என்பது அடுத்தது. இதில் நிஜமும் உண்டு, நாடகமும் உண்டு. நிலம் அப்பா பெயரில், கடை தம்பி பெயரில், கார் நண்பன் பெயரில் இருக்க, வெறுங்கையோடு வந்து நிற்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். திடகாத்திரமான ஆள் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இவர்களை நினைத்துத்தான். கடன் இருக்கிறது என்பதும் முழு விடை அல்ல. கடன்களுக்குள் எது முந்தியது என்று சட்டத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. சாதாரணக் கடன் தீர்ப்புக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்தால் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படாது. ஜீவனாம்சத் தீர்ப்பென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு எழுதிவைத்த வரிசை இது: பைனான்ஸ்காரர் பின்னால், பிள்ளை முன்னால். ஆனால் உண்மையிலேயே வேலை போனவர், விபத்தில் அடிபட்டவர், தறி ஓடாமல் நிற்பவர் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் பெரிய தவறு, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவது. நிலைமை மாறினால் தொகையை மாற்றித் தரும்படி கேட்க முன்பு 127ஆம் பிரிவும் இப்போது 146ஆம் பிரிவும் இருக்கின்றன. கேட்காமல் நிறுத்தினால் பாக்கி ஏறும், வாரண்ட் வரும், கட்டாத தொகைக்கு ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது என்று 1989லேயே தீர்ப்பு இருக்கிறது. இருக்கிற ஆளைச் சிறையில் போட்டால் சம்பாதிப்பது யார் என்ற கேள்வி எனக்கும் உண்டு. சிறை இதற்கு நல்ல கருவி என்று நான் நினைக்கவில்லை. இல்லாத ஆள் கொஞ்சமாவது கொடுப்பதையும், இருக்கிற ஆள் ஒளிக்காமல் இருப்பதையும் வீட்டுக்காரர்களாக, ஊர்க்காரர்களாக உறுதிசெய்ய வாரண்டைவிட உங்களால் முடியும்.

மறுமணம் என்ற சொல் வந்ததும் கணக்கு மூடப்படுவதையும் பார்க்கிறோம். விவாகரத்தான மனைவி மறுமணம் செய்துகொண்டால் இன்றைய 144ஆம் பிரிவில் அவளுடைய ஜீவனாம்சம் நிற்கும், சரி. பிள்ளையுடையது நிற்காது. அம்மாவுக்குப் புதுக் கணவன் கிடைக்கலாம், பிள்ளைக்குத் தகப்பன் மாறுவதில்லை. தந்தைக்கு இரண்டாவது குடும்பம் வந்தால், அங்கேயுள்ள பிள்ளைகளையும் கணக்கில் எடுத்துத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். முதல் பிள்ளையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட முடியாது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு உங்களுடையதேதான். பிள்ளைப் பணத்தை இழுத்தால் பையன் கையெழுத்துப் போடமாட்டான், பேச்சு முறிந்துபோகும், அந்தப் பெண் வருடக்கணக்கில் கோர்ட்டில் தொங்குவாள், அவளே எதுவும் வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று அழுகிறாள் என்பீர்கள். உண்மை. அடியும் வசையும் பட்ட பெண் விடுதலைக்காக எதையும் கொடுப்பாள். ஆனால் அவள் அங்கே கொடுப்பது தன் பணத்தை அல்ல. தான் வெளியே வருவதற்கான விலையைப் பிள்ளையின் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுகிறாள். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தப் பையனுக்கும் இதில் ஒன்றும் கிடைப்பதில்லை என்பதை அவனிடம் சொல்லுங்கள். விட்டுக்கொடுத்த வரி சட்டத்தில் நிற்காததால், நாளைக்கே அந்தப் பிள்ளைக்காகத் தாய் மனுப் போடலாம். தாய் இல்லையென்றால் பாட்டி போடலாம். முடிந்துவிட்டது என்று நம்பிப் புதுக் கல்யாணம் செய்துகொண்டவன் மூன்று வருடம் கழித்துச் சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். நியாயமாக எழுதினால்தான் அவனுக்கும் விடுதலை. பேச்சு முறியும் என்ற பயத்தில் செய்த சமரசம், பேச்சைத் தள்ளிப்போட்ட சமரசம் மட்டுமே.

எவ்வளவு என்று நிர்ணயிப்பதில்தான் பேரம் சூடுபிடிக்கும். நம்மிடம் சூத்திரம் எதுவும் இல்லை. பிரிட்டனில் குழந்தைப் பராமரிப்புக்கு அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது: வாரம் 200 முதல் 800 பவுண்டு வரையிலான மொத்த வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடு, இரண்டுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19. பிள்ளை தந்தையிடம் தங்கும் இரவுகளுக்கு ஏற்பக் கழிவும் உண்டு. நம் சம்பளத்துக்கும் நம் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்த எண்களை அப்படியே எடுத்துவர முடியாது. சம்பளச் சீட்டே இல்லாதவர்கள்தானே இங்கே அதிகம். ஆனால் எவன் அதிகம் கத்துகிறான் என்பதைவிட எவனுக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பது மேல் என்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம். 2020 தீர்ப்பு இங்கே அதற்கு வழி செய்தது: இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகையை மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். உங்கள் கூட்டத்திலும் முதல் வேலையாக இரண்டு வெள்ளைத் தாளை வைத்து இரு தரப்பையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் மாதச் செலவைத் தாய் எழுதட்டும். வரவைத் தந்தை எழுதட்டும், வங்கிப் பாஸ்புக்கோடு.

பிறகு எழுதும் முறை. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை விடுங்கள். வழக்காறாக அத்துவிடும் முறை செல்லுபடியாகும் சமூகங்கள் தவிர மற்ற இந்துக்களுக்கு அந்தத் தாளால் விவாகரத்தே ஆகாது. பணம் நின்றுபோனால் அந்தத் தாளை வைத்து வாரண்டும் வாங்க முடியாது. பேசிய தொகையைக் குடும்பநல நீதிமன்றத்தின் உத்தரவில் ஏற்றுங்கள். அல்லது மக்கள் நீதிமன்றத்தில் பதிவுசெய்யுங்கள், அதன் தீர்வு சிவில் கோர்ட் டிகிரிக்குச் சமம். பிள்ளையின் தொகையைத் தாயின் தொகையோடு கலக்காமல் தனிப் பத்தியில், பிள்ளையின் பெயரிலேயே எழுதுங்கள். எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு ஏற்றம் என்று இருக்கட்டும். பதினெட்டு வயதோடு நிறுத்திவிடாதீர்கள். மகனுக்கு 144ஆம் பிரிவு பொதுவாக அங்கே நின்றுவிடும். திருமணமாகாத மகளுக்கு இந்து ஜீவனாம்சச் சட்டத்தில் அதற்கு மேலும் உரிமை உண்டு. ஆனால் பிளஸ் டூ முடிவதும் கல்லூரிக் கட்டணம் தொடங்குவதும் அந்தப் பதினெட்டில்தான். முதல் பட்டம் முடியும் வரை என்று சம்மதத்தோடு எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 144ஆம் பிரிவு உத்தரவில் பாக்கி விழுந்தால், விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனுப் போட வேண்டும் என்பதைத் தாயிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். பார்க்கலாம், தருவான் என்று இரண்டு வருடம் காத்திருந்து அந்தப் பணத்துக்கு வாரண்ட் கேட்கும் வழியை இழந்தவர்கள் அநேகம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று அவள் தயங்கினால், 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரச் சொல்கிறது அது. மாவட்ட நீதிமன்ற வளாகம் ஒவ்வொன்றிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. அடுத்த கூட்டத்துக்கு உட்காருவதற்கு முந்தின நாள் நீங்களே அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசிவிடுங்கள். மறுநாள் பட்டியல் எழுத உட்காரும்போது, அண்டாவுக்கு முன்னால் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபைக்கு வெளியே நிற்கும் ஒருவர்